வீட்டுத் திரையரங்கு: அறையிலிருந்து தொடங்கும் தேர்வு

ஹோம் தியேட்டர் என்ற பெயரில் கடைகளில் ஒரு பெட்டிக்குள் அடைத்து விற்கப்படும் ஏற்பாடு, இயற்பியலின் பார்வையில் அந்தப் பெட்டிக்குள் முடிந்துவிடுவதில்லை. ஸ்பீக்கரின் கூம்பு எழுப்பும் அதிர்வு காற்றின் வழியே பரவி, சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதித் திரும்பி, அந்த மோதல்கள் அனைத்தின் கூட்டுத்தொகையாகவே காதை அடைகிறது. திரையிலிருந்து புறப்படும் ஒளியும், அறையில் ஏற்கெனவே பரவியிருக்கும் ஒளியோடு கலந்த பிறகே கண்ணுக்குள் புகுகிறது. ஆகவே, பார்ப்பவரின் அனுபவத்தைத் தீர்மானிப்பவை மூன்று: மனிதரின் கண்ணும் காதும், அவர் அமர்ந்திருக்கும் அறை, அந்த அறையில் வைக்கப்படும் கருவிகள். இம்மூன்றில் புலன்களின் திறனை எவராலும் மாற்ற இயலாது. அறையை ஓரளவுக்குத் திருத்தலாம். கருவியை மட்டுமே விருப்பம்போல் மாற்றலாம். மாற்ற முடியாததை முதலில் அறிந்து, அதற்கேற்ப அறையைத் திருத்தி, அவ்விரண்டுக்கும் பொருந்தும் கருவியை இறுதியில் தேர்ந்தெடுப்பதே முறையாகும். பெரும்பாலான வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடப்பதால்தான், பெருந்தொகை செலவழித்த பிறகும் வசனம் புரியவில்லை, படம் வெளிறித் தெரிகிறது என்ற குறைகள் எழுகின்றன.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே ஓர் அறை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. அதன் நீளம் 4.2 மீட்டர், அகலம் 3.6 மீட்டர், உயரம் 3 மீட்டர். அடிக்கணக்கில் சொன்னால் ஏறத்தாழ பதினான்குக்குப் பன்னிரண்டு, உயரம் பத்து. தமிழ்நாட்டின் அடுக்ககங்களிலும் தனி வீடுகளிலும் பரவலாகக் காணப்படும் இத்தகைய அறைக்குச் சிமெண்ட் பூசிய சுவர்களும், கான்கிரீட் கூரையும், டைல்ஸ் அல்லது கிரானைட் தரையும் இருப்பதாகக் கொள்ளலாம். திரை ஒரு குறுஞ்சுவரை ஒட்டியும், இருக்கை அதிலிருந்து 3 மீட்டர் தொலைவிலும், இருக்கைக்குப் பின்னால் ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளியும் இருப்பதாக வைத்துக்கொண்டால், பின்வரும் கணக்குகள் அனைத்தையும் வாசகர் தம் வீட்டு அளவுகளைக் கொண்டு தாமே மீண்டும் போட்டுப் பார்க்க முடியும்.

அறையின் குரல்

அறை ஒலியை என்ன செய்கிறது என்பதை முதன்முதலில் எண்களால் அறிந்தவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகத்தில் புதிதாகக் கட்டப்பட்ட விரிவுரை அரங்கில் பேச்சு புரியவில்லை என்ற குறையைத் தீர்க்கும் பொறுப்பு 1895ஆம் ஆண்டு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆர்கன் குழல் ஒன்றை ஒலிக்கவிட்டு நிறுத்திய பிறகு, அந்த ஒலி காதுக்குக் கேட்காமல் தேய்ந்து மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர் அளந்தார். வெற்று அரங்கில் அது ஐந்து விநாடிகளுக்கு மேல் நீடித்தது. அருகிலிருந்த வேறோர் அரங்கின் இருக்கைத் திண்டுகளைக் கொண்டுவந்து அடுக்க அடுக்க அந்த நேரம் குறைந்துகொண்டே வந்ததைக் கண்ட அவர், அறையின் கன அளவு கூடினால் நேரம் கூடும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் நேரம் குறையும் என்ற எளிய விதியை வகுத்தார். ஒலி மூலம் நின்ற பிறகும் எதிரொலிப்புகளால் ஒலி நீடிப்பது எதிர்முழக்கம் எனப்படுகிறது. ஒலிமட்டம் 60 டெசிபெல் குறைய ஆகும் நேரமே எதிர்முழக்க நேரம். கன மீட்டரில் உள்ள அறையின் கொள்ளளவை 0.161ஆல் பெருக்கி, சதுர மீட்டரில் உள்ள மொத்த உட்கவர் பரப்பால் வகுத்தால் அந்த நேரம் விநாடியில் கிடைக்கும். உட்கவர் பரப்பு என்பது, ஒரு பொருளின் பரப்பை, அது ஒலியில் எத்தனை பங்கை உறிஞ்சுகிறது என்னும் எண்ணால் பெருக்கிக் கிடைப்பது. முழுவதும் திறந்த ஜன்னல், தன்னை அடையும் ஒலியைத் திருப்பி அனுப்பாததால், அதன் உட்கவர் எண் 1 ஆகும்.

எடுத்துக்காட்டு அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 45 கன மீட்டர். சுவர், தரை, கூரை ஆகியவற்றின் மொத்தப் பரப்பு 77 சதுர மீட்டர். சிமெண்ட் பூச்சும் டைல்ஸும் தம்மீது விழும் ஒலியில் நூற்றில் இரண்டு அல்லது மூன்று பங்கையே உறிஞ்சுவதால், வெற்று அறையின் உட்கவர் பரப்பு 2.3 சதுர மீட்டர் அளவிலேயே நிற்கிறது. எதிர்முழக்க நேரமோ மூன்று விநாடிகளைத் தாண்டுகிறது. ஒரு விநாடிக்குள் பல அசைகளைப் பேசி முடிக்கும் தமிழ் வசனத்தில், ஓர் அசையின் வால் அடுத்த பல அசைகளின்மீது படியும் அந்த அறையில், எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பீக்கரும் தெளிவாகப் பேச இயலாது. அதே அறையில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனமான திரைச்சீலை எட்டு சதுர மீட்டருக்கும், இருக்கைக்கு முன்னே ஒரு தடித்த கம்பளமும், துணி உறையிட்ட சோஃபாவும், நூல்கள் நிறைந்த அலமாரியும் வந்து, நான்கு பேரும் அமர்ந்துவிட்டால், உட்கவர் பரப்பு 14 சதுர மீட்டர் அளவுக்கு உயர்ந்து, எதிர்முழக்க நேரம் அரை விநாடிக்கு இறங்குகிறது. வீட்டில் படம் பார்ப்பதற்கு அரை விநாடியோ அதற்குச் சற்றுக் குறைவோ உகந்தது. ஒரு புதிய ஸ்பீக்கர் தொகுதியால் தர முடியாத தெளிவைத் திரைச்சீலையும் கம்பளமும் தருகின்றன என்பதால், வாங்கும் பட்டியலில் அவற்றுக்கே முதலிடம் தரப்பட வேண்டும்.

துணியும் கம்பளமும் நடுத்தர, உயர் அதிர்வெண்களை மட்டுமே நன்கு உறிஞ்சுகின்றன. தாழ்ந்த அதிர்வெண்களில் சிக்கல் வேறு வகையானது. அதிர்வெண் என்பது விநாடிக்கு எத்தனை அதிர்வுகள் என்ற எண்ணிக்கை. அதன் அலகு ஹெர்ட்ஸ். காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், மனிதக் காது கேட்கும் எல்லைகளான 20 ஹெர்ட்ஸுக்கும் 20,000 ஹெர்ட்ஸுக்கும் இடையே அலைநீளம் 17 மீட்டரிலிருந்து 1.7 சென்டிமீட்டர் வரை மாறுகிறது. அறையின் நீளத்தைப் போல் இருமடங்கு அலைநீளமுள்ள ஒலி, எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே முன்னும் பின்னும் மோதித் தன்னோடு தானே கூடி நிலை அலையாகிறது. வீணையின் தந்தி தன் நீளத்துக்குரிய சுருதியில் மட்டும் ஓங்கி ஒலிப்பதைப் போல, ஒவ்வோர் அறையும் தன் அளவுகளுக்குரிய சில அதிர்வெண்களில் மட்டும் முழங்குகிறது. எடுத்துக்காட்டு அறையில் நீளத்துக்குரிய முதல் ஒத்ததிர்வு 41 ஹெர்ட்ஸிலும், அகலத்துக்குரியது 48 ஹெர்ட்ஸிலும், உயரத்துக்குரியது 57 ஹெர்ட்ஸிலும் விழுகின்றன. இவை மூன்றும் விலகியிருப்பது நன்மை. நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமான அறையில் அவை ஒரே இடத்தில் குவிந்து, ஒரே தாழ்சுரத்தைப் பூதாகரமாக்கிவிடும்.

நிலை அலையின் அழுத்தம் சுவரோரத்தில் உச்சத்திலும், முதல் ஒத்ததிர்வைப் பொறுத்தவரை அறையின் நடுவில் மிகக் குறைவாகவும் இருக்கும். பின்சுவரில் தலை சாய்த்து அமர்பவருக்கு அந்தச் சுரம் காதை அடைக்குமளவுக்கு ஓங்கியும், நீளவாட்டில் சரிபாதியில் அமர்பவருக்கு அதே சுரம் ஏறத்தாழ இல்லாமலும் போவதற்கு இதுவே காரணம். சோஃபாவைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னே நகர்த்துவது செலவற்ற திருத்தம். ஆயினும் அதன் பலன் பல ஆயிரம் ரூபாய்க் கருவி மாற்றத்தைவிடப் பெரிதாக இருப்பதுண்டு.

ஒலியை உறிஞ்சுவதும் ஒலியைத் தடுப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். சுவரில் ஒட்டப்படும் நுரைப்பஞ்சும், பலர் நம்பிக்கையோடு ஒட்டும் முட்டை அட்டையும் அடுத்த வீட்டுக்குச் செல்லும் ஒலியைத் தடுப்பதில்லை. ஒரு தடுப்பின் எடையை இருமடங்காக்கினால் அதைக் கடக்கும் ஒலி 6 டெசிபெல் அளவுக்குக் குறையும் என்பதே பொது விதி; எடையற்ற பொருள் ஒலியை மறிக்காது. அடுக்ககத்தில் வாழ்பவர்கள், கான்கிரீட் கட்டமைப்பின் வழியே மேலும் கீழும் பரவும் தாழ்சுரத்தைக் கருதி, தாழ்சுரங்களை ஒலிக்கும் பெட்டியான சப்வூஃபரின் அளவிலும் அதை ஒலிக்கவிடும் நேரத்திலும் கட்டுப்பாடு காப்பதே அண்டை வீட்டாருக்குச் செய்யும் நியாயம்.

காது திசையை அறியும் விதம்

ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை மூளை, இரு காதுகளையும் அது வந்தடையும் நேர வேறுபாட்டாலும் வலிமை வேறுபாட்டாலும் கணிக்கிறது. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலிக்குக்கூட அந்த நேர வேறுபாடு ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. அலைநீளம் தலையின் அகலத்தைவிடப் பன்மடங்கு பெரிதாகும்போது வலிமை வேறுபாடு மறைந்துவிடுகிறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அலைநீளம் நான்கு மீட்டரைத் தாண்டிவிட்ட நிலையில், அறைக்குள் ஒலியின் திசையை அறிவது மிகக் கடினம். தாழ்சுரங்களை மட்டும் பிரித்து சப்வூஃபர் என்னும் தனிப் பெட்டிக்கு அனுப்பும் எல்லை பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸாக வைக்கப்படுவதும், அந்தப் பெட்டியை அறையின் பல இடங்களில் வைக்க முடிவதும் இதனால்தான்.

திசை உணர்வைப் பற்றிய இன்னொரு முக்கியமான உண்மையை ஹெல்முட் ஹாஸ் 1949ஆம் ஆண்டு கோட்டிங்கன் பல்கலைக்கழக ஆய்வேட்டில் விளக்கினார். ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து சிறு இடைவெளியில் வந்தால், மூளை அவற்றை இரண்டாகக் கேட்பதில்லை. முதலில் வந்ததன் திசையையே அந்த ஒலியின் திசையாக ஏற்றுக்கொள்கிறது. விநாடியின் ஆயிரத்தில் முப்பது பங்கு அளவுக்குள் இந்த இணைவு நிகழ்கிறது. ஒரு ஸ்பீக்கர் இருக்கைக்கு மிக அருகில் இருந்தால், மற்றவை எவ்வளவு தரமானவையாக இருந்தாலும், ஒலி முழுவதும் அதிலிருந்தே வருவதாகத் தோன்றும். ஒவ்வொரு ஸ்பீக்கரின் தொலைவையும் அளந்து அதற்கேற்ற தாமதத்தை, ஸ்பீக்கர்களுக்கு ஒலியை அனுப்பும் ரிசீவரில் பதிவு செய்யச் சொல்வது இதைச் சரிக்கட்டவே.

5.1 என்ற குறியீட்டில் 5 என்பது முன் இடம், முன் வலம், நடு, பின்னணி இடம், பின்னணி வலம் ஆகிய ஐந்து முழு அலைவரிசைகளையும், புள்ளிக்குப் பின் வரும் 1 என்பது தாழ்சுரத்துக்கான அலைவரிசையையும் குறிக்கின்றன. 5.1.2 என்றால் இவற்றோடு மேலிருந்து ஒலிக்கும் இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்கின்றன. 2012ஆம் ஆண்டு ‘பிரேவ்’ படத்தோடு திரையரங்குக்கு வந்த டால்பி அட்மாஸ், ஒலிகளை இன்ன ஸ்பீக்கருக்கு என்று பிரிக்காமல், அறைவெளியில் இன்ன இடத்துக்கு என்று குறித்து வைப்பதால், ஸ்பீக்கர்களின் எண்ணிக்கைக்கேற்ப ரிசீவரே அவற்றைப் பங்கிட்டுக்கொள்கிறது.

இந்த ஐந்தில் திரைப்பட வசனத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது நடு ஸ்பீக்கர். செலவைக் குறைக்க வேண்டிய இடத்தில் பின்னணி ஸ்பீக்கர்களைக் குறைக்கலாம். நடு ஸ்பீக்கரைக் குறைக்கலாகாது. முன் இரண்டும் பார்ப்பவரின் நேர்கோட்டிலிருந்து இருபுறமும் 22 முதல் 30 பாகை கோணத்திலும், பின்னணி இரண்டும் 110 முதல் 120 பாகையிலும் அமைய வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. எடுத்துக்காட்டு அறையில், 3 மீட்டர் தொலைவில் 24 பாகை என்பது நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 1.3 மீட்டர், அப்போது பக்கச் சுவர்களுக்கு அரை மீட்டர் இடைவெளியும் கிடைக்கிறது. இருக்கைக்குப் பின்னால் ஒரு மீட்டர் இருப்பதால் பின்னணி ஸ்பீக்கர்களுக்கும் இடமுண்டு; ஆனால் 7.1 அமைப்புக்குத் தேவைப்படும் கூடுதல் இரண்டை இங்கே திணித்தால், அவை தலைக்கு மிக அருகில் வந்து நன்மையைவிடக் கேட்டையே விளைவிக்கும். இந்த அறைக்கு 5.1 முழுமையானது, கூரை அனுமதித்தால் 5.1.2 வரை செல்லலாம். ஒலியை மேல்நோக்கி எய்து கூரையில் பட்டுத் திருப்பும் வகை ஸ்பீக்கர்கள், தட்டையான கான்கிரீட் கூரையில் நன்கு இயங்குகின்றன. சாய்ந்த ஓட்டுக் கூரையிலும் ஒலி உறிஞ்சும் பலகையிட்ட ஃபால்ஸ் சீலிங்கிலும் அவற்றுக்குப் பயனில்லை.

வாட் என்னும் மாயம்

ஸ்பீக்கர் பெட்டிகளின்மீது ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் வாட் எண்கள் வாங்குபவரை ஏமாற்றுவதுபோல் வேறெதுவும் ஏமாற்றுவதில்லை. பிஎம்பிஓ எனப்படும் அளவு, கருவி ஒரு கணம் மட்டும் தாங்கக்கூடியதாகக் கருதப்படும் உச்சத்தைக் குறிப்பது; அதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவீட்டு முறையே கிடையாது. கருத வேண்டியது ஆர்எம்எஸ் என்று குறிக்கப்படும் தொடர் ஆற்றல். அதுவும் எத்தனை ஓம் மின்தடையில், எவ்வளவு ஒலிச்சிதைவோடு, எத்தனை அலைவரிசைகள் ஒருங்கே இயங்கும்போது அளக்கப்பட்டது என்ற விவரத்தோடு இருந்தால்தான் பொருள்படும். இரண்டு அலைவரிசைகள் மட்டும் இயங்கும்போது 100 வாட் தரும் ரிசீவர், ஐந்தும் இயங்கும்போது அதே அளவைத் தருவது அரிது.

தேவையான ஆற்றலைக் கணக்கிட இரண்டு விதிகள் போதும். ஆற்றலை இருமடங்காக்கினால் ஒலிமட்டம் 3 டெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற 10 டெசிபெல், அதாவது பத்துமடங்கு ஆற்றல் வேண்டும். ஸ்பீக்கரின் உணர்திறன் என்பது, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் அது எத்தனை டெசிபெல் ஒலிக்கும் என்ற அளவு. 87 டெசிபெல் உணர்திறனுள்ள ஸ்பீக்கர், திறந்தவெளிக் கணக்கின்படி 3 மீட்டரில் ஏறத்தாழ 9.5 டெசிபெல் இழந்து 77.5 டெசிபெல் தருகிறது. அறைக்குள் எதிரொலிப்புகள் துணை நிற்பதால் இழப்பு இன்னும் குறையும். பத்து வாட்டில் அது 87.5 ஆகவும், நூறு வாட்டில் 97.5 ஆகவும் உயர்கிறது. 90 டெசிபெல் உணர்திறனுள்ள ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் அதே உச்சத்தை ஐம்பது வாட்டிலேயே எட்டிவிடலாம் என்பதால், உணர்திறனில் கிடைக்கும் மூன்று டெசிபெல், ஆம்ப்ளிஃபயரின் ஆற்றலை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். திரையரங்கின் அளவுகோல் ஒவ்வோர் அலைவரிசையிலும் 105 டெசிபெல் வரையிலான உச்சங்களை அனுமதிக்கிறது. வீடுகளில் பெரும்பாலோர் அதற்கு 10 முதல் 20 டெசிபெல் குறைவாகவே கேட்பதால், எடுத்துக்காட்டு அறைக்கு உண்மையான 50 முதல் 100 வாட் போதுமானது.

அதற்கு மேல் உயர்த்துவது செவிக்கும் நல்லதன்று. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபெல்லைப் பாதுகாப்பான எல்லையாக உலக சுகாதார நிறுவனம் கருதுகிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. ஒலியைக் கூட்டுவதைவிட இரைச்சலைக் குறைப்பதே அறிவுடைமை. வேகமாகச் சுழலும் மின்விசிறியும் ஜன்னல் வகை ஏசியும் எழுப்பும் இரைச்சல் வசனத்தின் மெல்லிய மெய்யொலிகளை மூழ்கடிக்கிறது. மின்விசிறியின் வேகத்தைக் குறைத்து, கதவிடுக்குகளை அடைத்தால், ஒலியைக் கூட்டாமலேயே சொற்கள் துலங்கும்.

நல்ல ஸ்பீக்கர் எது என்ற கேள்விக்கும் அறிவியல் விடை உண்டு. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்டு டூல் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகளில், ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னே மறைத்துவைத்து, எது ஒலிக்கிறது என்று தெரியாத நிலையில் கேட்பவர்களிடம் மதிப்பெண் பெறப்பட்டது. எல்லா அதிர்வெண்களையும் கூட்டாமல் குறைக்காமல் சமமாக ஒலிப்பதும், நேர்முகத்தில் மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் அந்தச் சமநிலையை ஒழுங்காகக் காப்பதுமான ஸ்பீக்கர்களையே, இயல்பான செவித்திறன் உள்ளவர்கள் பெரும்பாலும் விரும்பினர். டூலும் ஷான் ஆலிவும் பின்னர் நடத்திய ஆய்வில், ஸ்பீக்கரைக் கண்ணால் பார்க்க அனுமதித்தபோது அதே மனிதர்களின் மதிப்பெண்கள் தோற்றத்துக்கும் பெயருக்கும் ஏற்ப மாறின. கடையில் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே ஒலிமட்டத்தில், ஒரே காட்சியோடு கேட்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறும் பாடம். சற்றே உரக்க ஒலிப்பதைக் காது சிறந்ததாக எண்ணிவிடும். பழக்கமான குரல் ஒன்றைப் போட்டுக் கேட்பது, வெடிச் சத்தத்தைக் கேட்பதைவிட அதிக உண்மையைச் சொல்லும்.

சப்வூஃபரை வைக்கும் இடத்தைக் காணவும் எளிய வழி உண்டு. ஒலி மூலத்தையும் கேட்பவரையும் இடம் மாற்றினாலும் அறையின் விளைவு மாறாது என்னும் தத்துவப்படி, சப்வூஃபரை இருக்கையின் இடத்தில் வைத்து, தாழ்சுரம் நிறைந்த இசையை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகக் காதைத் தாழ்த்தி நகர்ந்து கேட்டால், எந்த இடத்தில் சுரங்கள் சீராகக் கேட்கின்றனவோ அதுவே சப்வூஃபருக்கு உரிய இடம். பலர் அமரும் அறையில், ஒரு பெரிய சப்வூஃபரைவிட எதிரெதிர்ச் சுவர்களில் வைக்கப்படும் இரண்டு சிறியவை எல்லா இருக்கைகளுக்கும் சீரான தாழ்சுரத்தைத் தரும்.

கண்ணின் எல்லையும் திரையின் அளவும்

இயல்பான பார்வையுள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைவிடச் சிறிய விவரத்தைப் பிரித்தறிவதில்லை. 55 அங்குலத் தொலைக்காட்சியின் அகலம் ஏறத்தாழ 122 சென்டிமீட்டர். முழு எச்டி திரையில் அந்த அகலத்தை 1,920 படப்புள்ளிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு புள்ளியின் அகலம் 0.63 மில்லிமீட்டர் என்பதால், 2.2 மீட்டருக்கு அப்பால் அமர்பவரின் கண்ணுக்கு அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றாகிவிடுகின்றன. 3,840 புள்ளிகள் கொண்ட 4கே திரையின் முழு நுண்மையையும் காண 1.1 மீட்டர் நெருங்க வேண்டும். 3 மீட்டர் தொலைவில் 55 அங்குலத் திரையைப் பார்ப்பவருக்கு 4கேயும் முழு எச்டியும் ஏறத்தாழ ஒன்றே; அந்தத் தொலைவில் 8கே என்பது கண்ணை எட்டாத எண்.

அளவைத் தீர்மானிப்பது புள்ளிகளைவிடப் பார்வைக் கோணமே. கலப்புப் பயன்பாட்டுக்குத் திரை கண்ணில் 30 பாகையும், திரையரங்கு போன்ற ஆழ்ந்த அனுபவத்துக்கு 40 பாகையும் நிறைக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். 3 மீட்டரில் முதலாவதற்கு ஏறத்தாழ 73 அங்குலமும், இரண்டாவதற்கு ஏறத்தாழ 100 அங்குலமும் தேவை. செய்தியும் தொடரும் கிரிக்கெட்டும் நாள்தோறும் ஓடும் கூடத்துக்கு 75 அங்குலத் தொலைக்காட்சியும், இருட்டாக்கக்கூடிய தனி அறைக்குப் புரொஜெக்டரும் பொருந்தும் என்ற முடிவு இதிலிருந்தே பிறக்கிறது. அகலத்திரைப் படங்கள் 2.39க்கு 1 என்ற விகிதத்தில் எடுக்கப்படுவதால், தொலைக்காட்சித் திரையின் உயரத்தில் ஏறத்தாழ கால் பங்கு மேலும் கீழும் கறுப்பாகவே நிற்கும் என்பதையும் அளவைத் தீர்மானிக்கும்போது கருத வேண்டும்.

புரொஜெக்டரால் கறுப்பை எறிய முடியாது என்பது எளிதில் மறக்கப்படும் உண்மை. திரையில் காணும் கறுப்பு, அறையின் இருட்டே. 2,000 லூமென் ஒளியை 100 அங்குலத் திரையில் பரப்பினால், வெண்மையின் ஒளிர்வு ஏறத்தாழ 230 நிட் ஆகிறது. ஒரு சதுர மீட்டரிலிருந்து ஒரு கேண்டெலா ஒளிச்செறிவு வெளிப்படுவது ஒரு நிட். இருண்ட திரையரங்கின் வெண்மைக்குரிய அளவு 48 நிட் மட்டுமே என்பதால் இது தாராளமானது. அதே திரையின்மீது ஜன்னல் வழியே 200 லக்ஸ் வெளிச்சம் விழுந்தால், கறுப்பு இருக்க வேண்டிய இடமும் 64 நிட் ஒளிரும். வெண்மைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஐந்துக்கு ஒன்றைக்கூட எட்டாது. லூமென் எண்ணிக்கையை உயர்த்திக்கொண்டே போவதைவிட, கனமான திரைச்சீலையிட்டு, திரையைச் சூழ்ந்த சுவர்களுக்கு மினுமினுப்பற்ற கருநிற வண்ணம் பூசுவதே பயன் தரும். அந்தத் திரைச்சீலை எதிர்முழக்கத்தையும் குறைப்பதால் ஒரே செலவில் இரு நன்மை கிடைக்கிறது.

தொலைக்காட்சி வகைகளில், ஓஎல்இடி திரையின் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் கறுப்பு முழுமையானது. எல்சிடி திரை பின்னிருந்து வரும் விளக்கொளியை மறைத்துக் கறுப்பைக் காட்டுவதால் சிறிது ஒளி கசிந்தே தீரும். மினி எல்இடி வகைகள் அந்தப் பின்விளக்கைப் பல மண்டலங்களாகப் பிரித்து அணைத்து அக்குறையைப் பெரிதும் குறைக்கின்றன. பகலொளி நிறைந்த கூடத்துக்கு மிகு ஒளிர்வுள்ள எல்சிடியும், இரவில் படம் பார்ப்பதற்கென்றே உள்ள அறைக்கு ஓஎல்இடியும் ஏற்றவை. நாள் முழுவதும் ஒரே செய்தி அலைவரிசை ஓடும் வீட்டில், அதன் அசையாச் சின்னமும் அடிக்கோட்டுப் பட்டையும் ஓஎல்இடி திரையில் நிலையான தடமாகப் பதியக்கூடும் என்பதும் தேர்வில் இடம்பெற வேண்டிய காரணம். எதை வாங்கினாலும், கடைக்காட்சிக்கென்று கண்ணைப் பறிக்கும்படி வைக்கப்பட்ட விவிட் அமைப்பை நீக்கி, சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் அமைப்புக்கு மாற்றினால், இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் எண்ணிய நிறங்களை அணுகலாம்.

இணைப்புகளும் மின்சாரமும்

ரிசீவர் என்பது குறியாக்கம் செய்யப்பட்ட ஒலியைப் பிரித்து, பெருக்கி, ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் மையக் கருவி. தொலைக்காட்சியிலிருந்து ஒலியை எச்டிஎம்ஐ கம்பி வழியே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு ஏஆர்சி எனப்படுகிறது. இணையவழித் திரைப்படச் சேவைகள் அனுப்பும் அட்மாஸ் ஒலிக்கு ஏஆர்சி போதும். புளூ-ரே வட்டின் தரம் இழக்காமல் சுருக்கப்பட்ட ஒலியைத் தொலைக்காட்சி வழியாகவே கொண்டுசெல்ல, அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும். 4கே படத்தை இணையத்தில் பெற விநாடிக்கு ஏறத்தாழ 15 முதல் 25 மெகாபிட் போதுமெனில், 4கே புளூ-ரே வட்டு 128 மெகாபிட் வரை தர வல்லது. 100 அங்குலத் திரையில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

ஸ்பீக்கர் கம்பிக்குப் பெருந்தொகை செலவழிப்பதற்கு இயற்பியலில் நியாயமில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள சாதாரணச் செப்புக் கம்பி, பத்து மீட்டர் தொலைவுக்குப் போய்த் திரும்பும்போது 0.13 ஓம் மின்தடையே கொண்டது; 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன் அது புறக்கணிக்கத்தக்கது. அந்தப் பணத்தை முறையான எர்த் இணைப்புக்கும், மின்னழுத்த ஏற்ற இறக்கமுள்ள ஊர்களில் ஸ்டெபிலைசருக்கும் செலவிடுவது கருவிகளின் ஆயுளைக் காக்கும். ரிசீவரைக் கண்ணாடிக் கதவிட்ட அலமாரிக்குள் பூட்டிவைக்காமல், சுற்றிலும் காற்றோட்டம் விட வேண்டும்.

தேவைக்கேற்ற முடிவு

இதுவரை கூறப்பட்டவற்றைக் கொண்டு மூன்று வகைக் குடும்பங்களுக்கான முடிவுகளை எட்டலாம். அறை சிறியது, கம்பிகள் இழுக்க வழியில்லை, வீடு வாடகை வீடு என்ற நிலையில், நடு அலைவரிசை தனியாக உள்ள சவுண்ட்பாரும் சிறு சப்வூஃபரும் தகுந்தவை. அவை தொலைக்காட்சியின் பின்பக்கம் நோக்கிய சிறு ஸ்பீக்கர்களைவிட வசனத்தைத் தெளிவாக்கும். சூழொலி முழுமையாக வேண்டும் என்று எதிர்பார்த்தால் மட்டுமே ஏமாற்றம் நேரும். சொந்த வீட்டின் பொதுக்கூடத்துக்கு, 75 அங்குலத் திரையும், 5.1 ரிசீவரும், தரமான முன் மூன்று ஸ்பீக்கர்களும் ஏற்றவை. பட்ஜெட் குறைவானால் முதலில் முன் மூன்றையும் ரிசீவரையும் மட்டும் வாங்கிவிட்டு, பின்னணி ஸ்பீக்கர்களையும் சப்வூஃபரையும் பின்னர் சேர்க்கலாம். ரிசீவர் அமைப்பின் பெருஞ்சிறப்பே இந்தப் படிப்படியான வளர்ச்சிக்கு இடம் தருவதுதான். எல்லாம் ஒன்றாகப் பிணைக்கப்பட்ட பெட்டித் தொகுதியில் ஓர் உறுப்பு பழுதானால் முழுவதையும் மாற்ற நேரும். இருட்டாக்கக்கூடிய தனி அறை உள்ளவர், 100 அங்குலத் திரையும் புரொஜெக்டரும் 5.1.2 ஒலியும் அமைத்து, திரைச்சீலைக்கும் கம்பளத்துக்கும் வண்ணப் பூச்சுக்கும் கணிசமான பங்கை ஒதுக்க வேண்டும்.

மூன்று முடிவுகளுக்கும் பொதுவான முதற்பணி ஒன்றே: கடைக்குச் செல்வதற்கு முன் அறையின் நீளம், அகலம், உயரம், இருக்கைத் தொலைவு, பகல் வெளிச்சம், தரை, கூரை ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்வது. அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பவரிடம் தேவையற்ற வாட்டையும் புள்ளிகளையும் அலைவரிசைகளையும் விற்பது எளிதன்று. விற்பனையாளரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு திரைப்படத்தின் ஒலியை மாதக்கணக்கில் செதுக்கியவர்களின் உழைப்பும், ஒளிப்பதிவாளர் இருளில் ஒளித்துவைத்த நுண்மையும் வீட்டில் உள்ளவர்களைச் சென்றடைய வேண்டும் என்பதே இந்த ஏற்பாடுகள் அனைத்தின் நோக்கம். அளவுநாடாவும் சிறிது இயற்பியலும் கொண்டு தொடங்குபவர், குறைந்த செலவிலேயே அந்த நோக்கத்தை நிறைவேற்றிக்கொள்ள முடியும்.